கல்லுக்கு எந்த ஊர்?

பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கல்லைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தார். கையில் அடங்கும் அளவு. சாம்பல் பூத்த வெங்கச்சாங்கல். ஒரு பக்கம் கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவான நிறத்தில் பாறை ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்கதான் கல்லு சேக்கறீங்களே தம்பி. இது நம்ம சாம்பியன் ரீஃப் கல்லு. கீழேருந்து வந்தது" என்றார். கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு கொஞ்ச காலம் அங்கேயே இருந்துவிட்டு, பெங்களூரில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகன் அதற்கும் முன்பிருந்தே, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இங்கே வேலைக்கு வந்துபோய்க் கொண்டிருந்தவர்.

"கீழேன்னா எந்த லெவல் அண்ணே?"

"அதெல்லாம் யாரு பாத்தா. கீழ."

அன்றிரவு கல்லைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அதற்கொரு சீட்டு எழுதினேன். 'குவார்ட்ஸ், ஹார்ன்பிளெண்ட் சிஸ்ட் பாறையுடன். சாம்பியன் ரீஃப் சுரங்கம், கோலார் தங்கவயல், கர்நாடகம்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா மூடியைப் போடப் போனவன் மறுபடி திறந்து 'ஆழ்மட்டம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

கல் சேர்ப்பவர்களின் உலகத்தில் சீட்டு என்பது கல்லின் பாதி உடம்பு. பழைய பஸ் டிக்கெட் அளவில் ஒரு துண்டுக் காகிதம். கனிமத்தின் பெயர், சுரங்கத்தின் பெயர், ஊர், நாடு, கிடைத்த ஆண்டு. கல்லின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் இந்தியன் இங்க்கில் பொடி எழுத்தாக ஓர் எண். சீட்டும் கல்லும் எப்போதாவது பிரிந்துபோனால் அந்த எண்தான் சேர்த்துவைக்கும். கல் கைமாறும்போது புதிதாக வாங்குகிறவர் தன் சீட்டை எழுதி வைப்பாரே தவிர, பழைய சீட்டைத் தூக்கி எறியமாட்டார். எறிந்தவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவது காதில் கேட்கத் தகாது. இருநூறு வருஷம் பழைய கல்லோடு நாலைந்து சீட்டுகள் இருப்பதுண்டு. பழுப்பேறியவை, நூல் கட்டியவை, விலை எழுதி அடித்தவை.

இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? வெங்கச்சாங்கல் எங்கே எடுத்தாலும் சிலிக்கானும் ஆக்சிஜனும்தான். சிறுவயதில் எங்கள் ஊர்க் காட்டில் பொறுக்கி, இருட்டறையில் இரண்டை உரசிப் பொறி பார்த்து, கருகல் வாசனை பிடித்து விளையாடிய கல்லுக்கும், ஆல்ப்ஸ் மலையில் கயிறு கட்டி இறங்கி எடுக்கிற கல்லுக்கும் வேதியியலில் வித்தியாசமில்லை. ஆனால் அந்தக் கல்லோடு எது ஒட்டியிருக்கிறது, எந்தப் பாறையின் எந்த வெடிப்பில், எதற்குப் பிறகு எது படிந்தது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. ஊர் தெரியாவிட்டால் அந்த விவரமெல்லாம் ஊமையாகிவிடும். அழகாக இருந்தால் அலமாரியில் வைக்கலாம், கனமாக இருந்தால் காகிதம் பறக்காமல் வைக்கலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை.

மனிதரிடம் 'எந்த ஊர்?' என்று கேட்பது நம் பக்கத்தில் வெள்ளந்தியான கேள்வி அல்ல. ஊர் சொன்னதும் தெரு வரும், தெரு சொன்னதும் எது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லிடம் மட்டும்தான் இந்தக் கேள்வியைக் கூசாமல் கேட்க முடிகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய சுரங்கக் கற்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எல்லா வழிகளும் கார்ன்வாலில் போய் முடிகின்றன. இங்கிலாந்தின் தென்மேற்கு முனை. நான் அங்கே போனதில்லை. அதன் சுரங்கப் பெயர்கள் மட்டும் எங்கள் ரேஷன் கடை வரிசைபோல மனப்பாடம். வீல் ஜேன், வீல் மேரி ஆன், வீல் கோர்லண்ட். இந்த வீல் சக்கரமல்ல. கார்னிஷ் மொழியில் வேலை நடக்கும் இடம், அதாவது சுரங்கம். அந்த மொழி பேச்சிலிருந்து போய்ச் சேர்ந்தபின்னும் சுரங்கக்காரர் வாயில் கொஞ்சம் தங்கிவிட்டது. பாறைக்குள் படிகங்கள் வளரும் பொந்துக்கு உலகம் முழுக்க நிலவியலாளர்கள் சொல்லும் 'வக்' என்ற சொல்லும், தாதுப்படிவின் தலைமேல் துருப்பிடித்து நிற்கும் மண்ணைக் குறிக்கும் 'கோஸன்' என்ற சொல்லும் அவர்களுடையவை. பேராசிரியர்கள் பாடப்புத்தகத்தில் எழுதும்போது, எழுத்தறியாத யாரோ ஒருவரின் வாய்ச்சொல்லை அறியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகச் செம்பின் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. பூமிக்கடியில் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு கூடிக் கிடக்கும். மழைநீரும் காற்றும் இறங்குகிற ஆழம்வரை அது சிதையும், கரையும், அக்கம்பக்கத்தில் கிடைப்பதைச் சேர்த்துக்கொண்டு மறுபடி படியும். கார்ன்வாலில் அக்கம்பக்கத்தில் கிடைத்தது ஆர்செனிக். நம் சித்த வைத்தியர்கள் பாஷாணம் என்று அஞ்சிக் கையாளும் அதே சாமான். செம்பும் பாஷாணமும் தண்ணீரும் சேர்ந்து பொந்துகளுக்குள் செய்த வேலையை நம்புவது கடினம். ஆலிவ் பச்சையில் ஒலிவனைட், கருநீலத்தில் கிளினோகிளேஸ், மழை விட்ட மறுநாள் வானம்போல ஒரு நீலத்தில் லிரோகோனைட். லிரோகோனைட்டில் பேர் வாங்கிய கற்கள் பெரும்பாலும் வீல் கோர்லண்டைச் சேர்ந்தவை.

இதில் ஒரு வினோதம் உண்டு. இந்த அழகெல்லாம் சுரங்கத்தின் மேல்தட்டில், அதாவது முதலில் தோண்டும் இடத்தில் இருக்கிறது. ஆழம் போகப் போக நிறம் வடிந்து வெறும் தாதுவாகிவிடும். சுரங்கம் புகழடைந்து, ஊர் பெருத்து, நாலு பேர் கல்லைப் பார்க்கும் ஓய்வோடு வந்து சேர்வதற்குள் மேல்தட்டு முடிந்துபோயிருக்கும். எங்கே போயிருக்கும்? கப்பலேறித் தெற்கு வேல்ஸின் ஸ்வான்ஸீ உலைகளுக்கு. வான்நீலப் படிகமும் செம்புத் தாதுதான்; உலைக்குக் கண் கிடையாது.

தப்பித்த சிலவற்றுக்குக் காரணம் பிலிப் ரேஷ்லி போன்றவர்கள். 1729இல் பிறந்து 1811இல் இறந்தவர். மெனபில்லி என்ற பண்ணை மாளிகையின் சொந்தக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர். (பின்னாளில் அந்த மாளிகையில்தான் டாஃப்னி டு மாரியர் குடியிருந்தார். 'ரெபெக்கா' நாவலின் மாண்டர்லி அதுதான். கல் தேடிப் போனவன் கதைக்குள் விழுவது வழக்கம்.) மேல்தட்டு திறந்துகொண்டிருந்த சரியான காலத்தில் ரேஷ்லி அங்கே இருந்தார், கையில் காசும் இருந்தது. வாங்கியவற்றுக்கெல்லாம் ஒழுங்காகப் பட்டியல் எழுதினார். 1797இலும் 1802இலும் பிரிட்டிஷ் கனிமங்களைப் பற்றி வண்ணப் படங்களோடு இரண்டு பாகங்கள் வெளியிட்டார். அவர் சேகரிப்பை இன்றும் ட்ரூரோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அவர் வரைவித்தவற்றில் ஒன்று ஈயமும் செம்பும் ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்த ஒரு கறுத்த கல். அறிவியல் அதற்கு போர்னோனைட் என்று பெயரிட்டது, பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த கவுண்ட் போர்னோன் நினைவாக. படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்து, சுற்றிலும் பல் வைத்த வட்டமாக நிற்கும். சுரங்கக்காரர்கள் கவுண்டைக் கண்டார்களா, பிரபுவைக் கண்டார்களா? தங்கள் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்ததைச் சொன்னார்கள்: பற்சக்கரத் தாது. எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும். ஹெராட்ஸ்ஃபுட் என்ற ஈயச் சுரங்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த பற்சக்கரங்களை மிஞ்ச இன்றுவரை உலகில் எங்கும் கிடைக்கவில்லை என்று சாதிப்பவர்கள் உண்டு. லாஸ்ட்விதியலில் ரிச்சர்ட் டாலிங் என்றொரு கல் வியாபாரி. அவற்றை வாங்கி லண்டன் அருங்காட்சியகத்துக்கும் கனவான்களுக்கும் விற்றார்.

அங்கே சுரங்கக்காரர்களில் ஒரு பிரிவினர் கூலிக்கு வெட்டவில்லை. ஒரு பகுதியை ஏலத்தில் எடுத்து, அதிலிருந்து வரும் தாதுவின் மதிப்பில் பங்கு வாங்கினார்கள். பங்குக்காரனுக்குக் கல்லைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். தப்பாகப் படித்தால் அந்த மாதம் அடுப்பெரியாது. அப்படிப் பழகிய கண்தான் இது உலைக்கு, இது டாலிங்குக்கு என்று பிரித்தது. மேலே முற்றத்தில் பெண்களும் சிறுமிகளும் சுத்தியலால் நாளெல்லாம் தாதுவை உடைத்துத் தரம்பிரித்தார்கள். எத்தனை படிகம் அவர்கள் கையில் நின்று யோசிக்கப்பட்டதோ. இந்தக் கற்களின் சீட்டுகளில் கனவான் பெயர் இருக்கிறது, வியாபாரி பெயர் இருக்கிறது, அருங்காட்சியக எண் இருக்கிறது. வெட்டி எடுத்தவர் பெயர் இருக்கும் ஒரு சீட்டை நான் இன்னும் படத்தில்கூடப் பார்க்கவில்லை. கல்லிடம் ஊர் கேட்பது கூச்சமில்லாத காரியம் என்ற என் எண்ணம் இந்த இடத்தில்தான் ஆட்டம் கண்டது. நாம் கேட்டது சுரங்கத்தின் ஊரை. அந்த ஊரில் இருந்தவர்களை அல்ல.

பம்ப்பை நிறுத்தினால் சுரங்கம் நிரம்பிவிடும். அதோடு அந்த ஊர்க் கல் அவ்வளவுதான். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998இல் மூடியது. வீல் கோர்லண்ட் இருந்த நிலத்தில் இன்று வீடுகள். ஆனால் 2020இல் அந்தச் சுரங்கத்திலிருந்து ஒரு புதுக் கனிமம் வந்தது! லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மைக் ரம்ஸியும் அவர் கூட்டாளிகளும் ஒரு பழைய வீல் கோர்லண்ட் கல்லை எடுத்து ஆராய்ந்தார்கள். நீல லிரோகோனைட் என்று நெடுங்காலம் நம்பியவற்றின் நடுவே இருந்த பச்சைப் படிகத்தில், அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இருந்தது. வெட்டி ஏறத்தாழ 220 ஆண்டு ஆன கல். கார்ன்வாலுக்கு அதன் சொந்த மொழியில் கெர்னோ என்று பெயர்; அதையே வைத்து கெர்னோவைட் என்றார்கள். இழுப்பறைக்குள் இருக்கும் சுரங்கத்தை யாரும் மூடவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கல்லோடு 'வீல் கோர்லண்ட்' என்ற இரண்டு சொல் இல்லாமல் போயிருந்தால், எங்கோ கிடைத்த ஏதோ ஒரு பச்சை.

அதனால்தான் ஆர்தர் கிங்ஸ்பரி செய்ததைக் கல் சேர்ப்பவர்கள் மன்னிப்பதில்லை. 1906இல் பிறந்தவர். பிரிட்டனின் பழைய சுரங்கங்களிலும் குவாரிகளிலும் யாருக்கும் அகப்படாத அபூர்வங்களைத் தொடர்ந்து கண்டெடுத்தார். மதிப்புள்ள ஆய்விதழ்களில் எழுதினார். 1968இல் அவர் இறந்தபின் சேகரிப்பு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர் குறித்த இடங்களுக்குப் போய் மற்றவர்கள் தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஜார்ஜ் ரைபாக், ஆண்ட்ரூ கிளார்க், கிறிஸ் ஸ்டான்லி மூவரும் அந்தக் கற்களை மறுபடி பரிசோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். கற்கள் மெய், ஊர்கள் பொய். வேறெங்கோ கிடைத்த கல்லுக்கு உள்ளூர் விலாசம் எழுதியிருந்தார். ஒட்டியிருந்த பாறையும் கூட வந்த கனிமங்களும் காட்டிக்கொடுத்தன. கொடுமை என்னவென்றால் அவருடைய கண்டுபிடிப்புகள் எல்லாமே பொய்யும் அல்ல. எது மெய் என்று இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லாமல், மொத்தமும் சந்தேகத்தில் நிற்கிறது.

பணத்துக்காகச் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்ன இடத்தில் இன்ன கல் இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்ற ஆசை முதலில் வந்திருக்கும். அதற்கு அப்புறம் ஒரு சொல் சேர்ப்பதுதான் பாக்கி.

கிங்ஸ்பரியைப் பற்றிப் படித்த இரவில்தான் என் மேசைமேல் இருந்த 'ஆழ்மட்டம்' முறைத்துப் பார்க்க ஆரம்பித்தது.

கோலாரைக் கார்ன்வாலோடு சேர்த்துப் பேசுவது என் வசதிக்காக அல்ல. 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலை எடுத்து நடத்த வந்தபோது, கார்ன்வாலில் செம்பு சரிந்து வேலையிழந்த சுரங்கக்காரர்கள் கடல் தாண்டி வந்து மேஸ்திரிகளும் கேப்டன்களும் ஆனார்கள். கீழே இறங்கி வெட்டியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் மிகுதியும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். 120 ஆண்டில் சுமார் 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். அதற்கு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் சொல் 'பஸ்ட்டு'. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் வேறெதுவும் பேசமாட்டார்.

ஆனால் பழைய சேகரிப்புகளில் கோலார்ச் சீட்டைத் தேடினால் கை சலித்துவிடும். தங்கம் அங்கே கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத பொடியாக வெங்கச்சாங்கல்லில் ஒளிந்திருந்தது என்பது ஒரு காரணம். மாவாக அரைத்து, பாதரசத்தாலும் சயனைடாலும் பிரித்தார்கள். மிச்சமான மாவுதான் இன்றைக்கும் ஊரைச் சுற்றி நிற்கும், சினிமாக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போகும் சயனைடு மேடுகள். இன்னொரு காரணம் கூண்டின் வாசலில் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவரைத் தடவிச் சோதித்துத்தான் விடுவார்கள். தங்கம் பாரித்த கல் ஒரு துண்டு மடியில் இருந்தால் அது திருட்டு, சிறை. கார்ன்வாலில் ஒரு சுரங்கக்காரன் பையில் கல்லோடு வெளியே வந்தால் அது டாலிங்குக்கு விற்கும் சரக்கு, நாளைய அருங்காட்சியகப் பொருள். அவன் பேரன் மேற்பார்வை பார்த்த கோலாரில், அதையே செய்த தமிழன் குற்றவாளி. நல்ல கண் இங்கும் இருந்திருக்கும். அந்தக் கண்ணுக்கு முன்னால் சோதனைக்காரன் நின்றான்.

அறிவியல் கோலாருக்கு இரண்டு கனிமங்களைப் பதிவு செய்திருக்கிறது. சோவியத், இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து 1985இல் சாம்பியன் ரீஃப் கல்லிலிருந்து விவரித்தவை: ஈயமும் டெலூரியமும் குளோரினும் சேர்ந்த கோலாரைட், அதன் பங்காளியான ராதாகிருஷ்ணைட். பின்னது நிலவியலாளர் பி. பி. ராதாகிருஷ்ணா பெயரால். இரண்டும் நுண்ணோக்கியின் அடியில் மட்டும் தெரியும் துகள்கள். சேகரிப்பவர் அலமாரியில் வைத்து ரசிக்க ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு கோலார் நகரம் தங்கவயலிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தங்கமும் இல்லை, கோலாரைட்டும் இல்லை.

தங்கவயலின் பெயரைத் தெளிவாக எழுதிய சீட்டுகளை நான் பார்த்தது வேறு பொருளின்மேல். பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலை அந்த ஊரில் இருந்தது. அவருக்குப் பின் 'தமிழன்' இதழும் அங்கிருந்து வந்தது. பகலில் பாறையை உடைத்தவர்களின் காசில் ஓடிய பௌத்த சங்கமும் அச்சும். நைந்த தாள்கள், முன்பக்கத்தில் கோலார் தங்கவயல் என்ற விலாசம். சோதனை வாசலைத் தாண்டி வெளியே வந்தவை. கனிமம் சேர்ப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கும் பதில் தெரியாது. பழைய புத்தகக் கடையில் அப்படியொன்று கண்ணில் பட்டால், கல்லைத் திருப்பிச் சீட்டைப் பார்க்கும் அதே கை தானாக அட்டையைத் திறக்கிறது.

சோதனை வாசலைப் பற்றி இவ்வளவு தெரிந்தும் எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. மடியில் கல்லோடு வெளியே வர முடியாது என்றால், கையளவு கல் எப்படி ஆழ்மட்டத்திலிருந்து வந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை கல்லையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கல்ல நீங்களே வெட்டி எடுத்ததா?"

"நானா!" சிரித்தார். "கீழேருந்து கல்ல எடுத்துட்டு வந்தா விடுவானா? எங்க லைன் வீட்டுக்குப் பின்னால பள்ளம். அதுக்கு வேஸ்ட் கல்லு கொண்டுவந்து கொட்டினான். பசங்க அதுலதான் விளையாடும். வீட்டக் காலி பண்ணும்போது உங்க அண்ணிதான் ஒண்ண எடுத்துப் பெட்டில போட்டா."

"சாம்பியன் ரீஃப் கல்லுதானே?"

"லைன் சாம்பியன் ரீஃப் லைன். கல்லு எந்த ஷாஃப்ட்டோ. லாரிக்காரனக் கேக்கணும்."

உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "அம்மிக்கு அண்டக் குடுக்கத்தான் எடுத்தேன். இங்க வந்தா மிக்ஸி" என்றார்.

சீட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது வழக்கம். 'சாம்பியன் ரீஃப் சுரங்கம்' என்பதில் 'சுரங்கம்' மேலும், 'ஆழ்மட்டம்' மேலும், படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்தேன். கீழே இடம் குறைவாக இருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன்: 'சாம்பியன் ரீஃப் லைன், வீட்டின் பின்புறப் பள்ளத்தில் கொட்டிய கழிவுக்கல். எந்த ஷாஃப்ட் என்று தெரியாது. எடுத்தவர்:'

"அண்ணி, உங்க முழுப்பேரு எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டேன்.